நடுக்கடல் தண்ணீர், மூன்று பாட்டில்

சென்னை விமான நிலையத்தில் வெளிநாட்டுக்காரர்கள் வரிசையில் நிற்பது எனக்கு இன்னும் பழகவில்லை. பதினெட்டு வருஷமாக நார்வேயின் பெர்கன் நகரத்தில் இருக்கிறேன். கையில் இருப்பதும் அந்த நாட்டு பாஸ்போர்ட்தான். முன்னால் நின்ற வெள்ளைக்காரத் தம்பதி யோகா கற்றுக்கொள்ள வந்தவர்கள். பின்னால் நின்றவர் முழங்கால் ஆபரேஷனுக்கு வந்தவர். என் முறை வந்தது.

“என்ன விஷயமா வந்திருக்கீங்க?” என்றார் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி. என் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறிவிட்டார்.

“தண்ணி எடுக்க.”

முத்திரைக் கட்டை பாதி வழியில் நின்றது. “மெட்ராஸுக்கா?”

“கடல் தண்ணி சார்.”

“அது எவ்ளோ வேணா எடுத்துக்குங்க” என்று குத்தி அனுப்பினார்.

எடுக்கலாம், ஆனால் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. திமிங்கிலம் சம்பந்தப்பட்ட எதற்கும், ஒரு சொட்டுக்கும், சட்டம் அப்படி. அதனால்தான் தண்ணீரை என்னிடம் வரவழைக்காமல் நான் தண்ணீரிடம் வந்திருந்தேன். என் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடலில் இருக்கும் எந்த உயிரும் தோல், எச்சில், கழிவு என்று எதையாவது உதிர்த்துக்கொண்டே போகும். அந்தத் துணுக்குகளுக்குள் அதன் மரபணு இருக்கிறது. திமிங்கிலம் முங்கும்போது வாலால் தண்ணீரைத் தள்ளும். மேலே எண்ணெய் ஊற்றின மாதிரி வழவழவென்று ஒரு வட்டம் சில நிமிஷம் நிற்கும். அந்த வட்டத்தில் ஒரு பாட்டில் மொண்டால் போதும். ஈட்டி வேண்டாம், வலை வேண்டாம், அதைத் தொடக்கூட வேண்டாம். அது யார், எந்தக் கூட்டம் என்று தண்ணீரே சொல்லிவிடும்.

இதைப் பெர்கனில் சொன்னால் தலையாட்டுவார்கள். ராஜா அண்ணாமலைபுரத்தில் என் அண்ணி ரெஜினாவிடம் சொன்னேன். “இதுக்கா இம்புட்டுப் படிச்ச?” என்று கேட்டுவிட்டு, சங்கரா மீன் குழம்பில் எனக்குத் தலையாகப் பார்த்து எடுத்துப் போட்டார். பெர்கன் கடையில் மீனுக்குத் தலையும் கிடையாது, வாலும் கிடையாது. கன்னத்துச் சதையைத் தோண்டித் தின்றபோது பதினெட்டு வருஷமும் தொண்டையில் இறங்கியது.

அண்ணன் கப்பல் வேலையில் இருக்கிறான். அண்ணி தனியாகத்தான் இருக்கிறார். அது அம்மா வாழ்ந்த வீடு. அம்மா ஸ்கூல் டீச்சர், எங்கள் பங்குக் கோயிலை ஒட்டிய ஆரம்பப் பள்ளியில் நாலாம் வகுப்பு. முப்பது வருஷமும் அதே நாலாம் வகுப்புதான். பதவி உயர்வு வேண்டாமென்று எழுதிக் கொடுத்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இறந்துபோனார். பனிப்புயலில் விமானம் கிளம்பவில்லை. அடக்கத்துக்கு என்னால் வந்து சேர முடியவில்லை. அண்ணி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அம்மாவின் அலமாரியை மட்டும் இன்னும் காலி செய்யாமல் வைத்திருக்கிறார். அன்று மதியம் அதைத் திறந்து, பாச்சை உருண்டை வாசனையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மூடினேன்.

செவ்வாய்க்கிழமை பாலவாக்கம் போனேன். அங்கே குப்பத்தில் எனக்குத் தெரிந்தவன் ஒருத்தன்தான்: ஏழுமலை. நாலாம் வகுப்பில் என்னோடு படித்தவன், அதாவது அம்மாவிடம் படித்தவன். பட்டினப்பாக்கத்துப் பையன், கல்யாணமாகி மாமனார் ஊரோடு வந்துவிட்டான். அம்மா எங்களைக் கிளிஞ்சல் பொறுக்கக் கடற்கரைக்குக் கூட்டிப்போவார். மீன் பெயரெல்லாம் அவன் சொல்லச் சொல்ல அம்மா நோட்டில் எழுதிக்கொள்வார். ஒரு டீச்சர் மாணவனிடம் குறிப்பெடுப்பதை நான் அங்கேதான் முதலில் பார்த்தேன். அதற்கப்புறம் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பார்த்ததில்லை.

“இன்னா பிலோ, இளைச்சிட்ட? அந்த ஊர்ல சோறு போட மாட்டாங்களா?” என்றான். அவன் மனைவி கஸ்தூரி ஒரு தட்டு நிறைய நெத்திலி வறுத்துக் கொண்டுவந்து வைத்தாள்.

ஏழுமலையிடம் பாட்டில்களைக் கொடுத்து, அங்கிருந்த எல்லாருக்கும் விளக்கினேன். கையுறை போட வேண்டும், வட்டத்துக்குள் மொள்ள வேண்டும், உடனே ஐஸில் வைக்க வேண்டும். “எல்லாத்துக்கும் முன்னாடி தண்ணி. அஞ்சு நிமிஷத்துல வட்டம் கலைஞ்சிடும்” என்று மூன்று தடவை சொன்னேன். வலை பின்னிக்கொண்டிருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். திமிங்கிலமாவது, இங்கேயாவது என்ற சிரிப்பு அது. நார்வேயில் திமிங்கிலக் கறி கடையிலேயே கிடைக்கும் என்று நான் உளறியதும் அந்தச் சிரிப்பு நின்றது.

“அத்தப் போயி யார்னா துன்னுவாங்களா?” என்றான் ஏழுமலை. அவன் முகத்தில் நிஜமான அருவருப்பு இருந்தது. “நீயும் துன்னியா?”

இல்லை என்று சத்தியம் செய்த பிறகுதான் இரண்டாவது தடவை நெத்திலி வந்தது.

புதன்கிழமை காலையில் எனக்கு வேலையில்லை. அடையாறில் எனக்கு இடம் கொடுத்திருந்த கல்லூரி ஆய்வகத்துக்கு வியாழக்கிழமை வரை விடுமுறை. மயிலாப்பூருக்கு நடந்தேன். மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டித் தோண்டி லஸ் முழுக்கத் தகர வேலி. என் கால்களுக்குப் பழைய வழிதான் தெரியும். ஒவ்வொரு திருப்பத்திலும் தகரத்தில் போய் முட்டிக்கொண்டேன். தெப்பக்குளத்துப் பக்கம் வந்தபோது வேர்த்து ஊற்றியது. ஒரு கடையில் ரோஸ் மில்க் வாங்கி முதல் வாய் குடித்ததும், அம்மாவின் பழைய குடை, கோடை விடுமுறை, கையில் ஒட்டின சர்க்கரை எல்லாம் ஒன்றாக வந்தன. இரண்டாவது வாய் வெறும் ரோஸ் மில்க்தான். இனிப்பு ஜாஸ்தி.

அப்போது போன் அடித்தது.

“பிலோ, பாத்துட்டேன்!” ஏழுமலைக்கு மூச்சு வாங்கியது. “ரெண்டு கீது. பெர்சு ஒண்ணு, அத்தோட ஒட்டிக்கினு குட்டி ஒண்ணு. மூணு பாட்டில் மொண்டுக்கினேன். ஐஸ்ல போட்டுட்டேன்.”

“போட்டோ?”

“கைல பாட்டில வெச்சிக்கினு போட்டோ எங்க புடிக்கறது? நீ இன்னா சொன்ன? மொதல்ல தண்ணின்ன. அத்தான் மொண்டேன்.”

கூட வரும் மச்சான் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டதால் அன்று அவன் தனியாகப் போயிருந்தான். சாட்சிக்கு ஆள் இல்லை. கரை சேர்ந்து சொன்னபோது குப்பமே சிரித்திருக்கிறது. அவனுக்குப் போன வருஷம் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. “கண்ணு ஆப்ரேசன் பண்ணதுலேர்ந்து ஏயுமலை எல்லாத்தியும் ரெண்ரெண்டாத்தான் பாக்கறான்” என்று ஒருத்தன் சொல்ல, அதுவே அன்றைய பேச்சாகிவிட்டதாம். இதை அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கடைசியில் மட்டும், “நீ டெஸ்ட் பண்ணிச் சொல்லு பிலோ. ரெண்டு இருந்திச்சின்னு சொல்லு” என்றான்.

எனக்கும் அந்தக் குட்டி முக்கியம். பெரியது மட்டும் என்றால் வழிப்போக்கன் என்று சொல்லிவிடலாம். குட்டியோடு இருந்தால் இங்கே குடியிருந்து பால் கொடுத்து வளர்க்கிறது என்று அர்த்தம். அப்படியென்றால் துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் அவற்றின்மேல் மோதாமல் எந்த வழியில், எந்த வேகத்தில் வர வேண்டும் என்று கேட்கிற உரிமை நமக்கு வருகிறது. ஆனால் அன்று மதியம் அந்த மூன்று பாட்டில்களை ஐஸ் பெட்டியோடு அவன் கையிலிருந்து வாங்கினபோது, கப்பல் எதுவும் என் நினைவில் இல்லை. போட்டோ எடுக்கவிடாமல் அவனைத் தடுத்தது நான்தான் என்பதே குடைந்துகொண்டிருந்தது.

தண்ணீரை உடனே வடிகட்ட வேண்டும். அதற்கான சின்ன பம்பைப் பெட்டியில் கொண்டுவந்திருந்தேன். அண்ணி வீட்டில் சொருகினேன். ‘டப்’ என்றது. ஒரு நாற்றம். சார்ஜர் செத்துப்போனது. வேறு வழியில்லாமல் பாட்டில்களை அண்ணியின் பிரிட்ஜில், மோருக்கும் கொத்தமல்லிக் கட்டுக்கும் நடுவில் வைத்தேன். தேதி, இடம் எல்லாம் எழுதி, அண்ணிக்குப் புரியட்டும் என்று ‘நடுக்கடல் தண்ணீர்’ என்று தமிழிலும் எழுதினேன். அந்தத் தமிழ்ப்பற்றுதான் வினையாகிப்போனது.

வியாழக்கிழமை காலை புது சார்ஜருக்காக அலைந்தேன். நாலு கடை ஏறி இறங்கி, பொருத்தமானதைப் பிடித்துக்கொண்டு பதினோரு மணிக்குத் திரும்பி வந்து பிரிட்ஜைத் திறந்தால் மோர் இருந்தது. கொத்தமல்லி இருந்தது.

“அண்ணி, பாட்டில் எங்கே?”

“மாடி அண்ணாச்சி கேட்டாரு, குடுத்துட்டேன்” என்றார் அண்ணி, பூண்டு உரித்துக்கொண்டே. “பாவம், நாளைக்குப் புதுக் கடை திறக்கறாரு. கடல் தண்ணி தெளிச்சா கண்ணு படாதாம். ஃப்ரிட்ஜ்ல ஐஸ் எடுக்க வந்தவரு நீ எழுதினதப் பாத்துட்டாரு. கண்ணுல ஒத்திக்காத குறை. தண்ணிதானே பிலோ, நாளைக்கு வேற மொண்டுக்கலாம்ல?”

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையைப் புத்தகத்தில்தான் படித்திருக்கிறேன். சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் சொல்லி முடித்ததும் அண்ணிக்கு முகம் வெளுத்துவிட்டது. “ஏசுவே!” என்றார். பூண்டைக் கீழே போட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் தெருவில் இறங்கி ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார்.

அண்ணாச்சி பெயர் செல்வராஜ். திருநெல்வேலிப் பக்கம். தியாகராய நகரில் ஜவுளிக் கடை. எங்கள் மாடியில் இருபது வருஷமாகக் குடியிருக்கிறார். புதுக் கடை மூன்று மாடி. வாசலிலேயே மஞ்சளும் வேப்பிலையும் மணந்தது. படிக்கட்டெல்லாம் ஈரம். அந்த ஈரத்தைப் பார்த்து நான் தெருவிலேயே அழுதிருப்பேன். கூட்டம் நிற்க விடவில்லை, உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டது.

“வாங்க தாயி, எப்ப வந்தீய?” என்றார் அண்ணாச்சி. வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய திருநீறு. “நல்ல காரியம் செஞ்சிய. திருச்செந்தூர்லேர்ந்து கொண்டாரணும்னு இருந்தேன், தோதுப்படல. கரையில மோந்தா எல்லாரும் காலு கழுவுன தண்ணி. இது நடுக்கடல் தண்ணில்லா! ரெண்டு பாட்டிலு மஞ்சப்பொடி போட்டு மூணு மாடியும் தெளிச்சாச்சி.”

“மூணாவது?”

கல்லாவுக்கு மேலே சாமி மாடத்தைக் காட்டினார். முருகன் படத்துக்கு முன்னால் என் பாட்டில் நின்றது. மூடியில் சந்தனம், குங்குமம். கழுத்தில் ஒரு முழம் மல்லிகை. நடுவில் என் கையெழுத்து. மூடி திறக்கப்படவில்லை. நாளைக் காலை பூஜையில் திறப்பதாக இருந்தாராம்.

“அண்ணாச்சி, அதுல திமிங்கிலம் இருக்கு” என்றேன். பதற்றத்தில் வேறு எப்படியும் சொல்ல வரவில்லை.

அவர் பாட்டிலைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். அண்ணி, “ஆமா அண்ணாச்சி, இருக்கு” என்று சாட்சி சொன்னார். அண்ணாச்சி எங்களை உட்காரவைத்து, வெங்காய பஜ்ஜி வரவழைத்து, முழுக்கதையும் கேட்டார். ஏழுமலையைக் குப்பத்தில் கேலி பண்ணுகிறார்கள் என்கிற இடத்தில் பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டார். ஆனாலும் பாட்டிலை எடுக்கவில்லை.

“மனசு கேக்கல தாயி. ஆனா சாமி முன்னால வச்சத வெறுங்கையா எடுக்கப்படாது. எங்கய்யா காலத்துலேர்ந்து வழக்கம். அதே மாரி நடுக்கடல் தண்ணி கொண்டாந்து வச்சிட்டு, இத எடுத்துக்கிடுங்க. நானே எடுத்துத் தாரேன்.”

எனக்குக் கோபம் வந்தது. உதிர்ந்த மரபணு தண்ணீரில் மணிக்கு மணி சிதைந்துகொண்டிருக்கும் என்று கத்தப் பார்த்தேன். அண்ணி என் கையை அழுத்தினார். அவருக்குத் தெரியும்: அண்ணாச்சியிடம் கெஞ்சலாம், அதட்ட முடியாது. “கெட்டுப்போகாம வைக்கணும் அண்ணாச்சி, சில்லுனு இருக்கணும்” என்று மட்டும் சொன்னேன். உடனே பக்கத்து ஜூஸ் கடையிலிருந்து ஐஸ் வந்தது. பெரிய எவர்சில்வர் அண்டாவில் கொட்டி, பாட்டிலைக் கழுத்து வரை புதைத்து, மாலையோடு அப்படியே சாமி முன்னால் வைத்தார். “ராத்திரி ரெண்டு தடவ ஐஸ் மாத்தச் சொல்லுதேன். நீங்க கவலப்படாதீய.”

ஆட்டோவில் திரும்பும்போது பெர்கனில் இருக்கும் என் சக ஆய்வாளர் இங்ரிட்டிடம் போனில் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வராது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவள் மொழியில் சொன்னாள்: “சந்தனத்தை நன்றாகத் துடைத்துவிட்டு மூடியைத் திற. அந்தக் கடைக்காரருக்கு நன்றி சொல். நம் ஆய்வகத்தில்கூட இரவில் யாரும் ஐஸ் மாற்றுவதில்லை.”

நான் போனில் கேட்டுக்கொண்டபடி, வெள்ளிக்கிழமை விடியற்காலையிலேயே ஏழுமலை கடலுக்குப் போய், ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் ஒன்றில் தண்ணீரோடு மயிலாப்பூர் வந்துவிட்டான். ஆட்டோ ஒன்றும் சிக்காததால் பஸ் ஏறினோம். கேனின் மூடி சரியில்லை. ஒவ்வொரு பிரேக்குக்கும் கொஞ்சம் கடல் பஸ்ஸுக்குள் வந்தது.

“இன்னா நைனா கேன்ல?” என்றார் கண்டக்டர்.

“கடல்” என்றான் ஏழுமலை.

“டிக்கெட் எடுத்தியா?”

“எனக்கு எட்துட்டேன்.”

முன் சீட்டில் இருந்த மாமி ஒருவர் திரும்பினார். புடவைத் தலைப்பு நனைந்துவிட்டதென்று சண்டைக்கு வருகிறார் என்று பயந்தேன். “சமுத்ர ஜலமா? ஆத்துல தெளிக்கணும்னு நெனைச்சுண்டே இருக்கேன், ஒருத்தர் கொண்டு தரமாட்டேங்கறா. கொஞ்சம் தாங்கோளேன்” என்று தன் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து நீட்டினார். அவருக்கு ஊற்றினதைப் பார்த்து இன்னொருத்தர். பாண்டி பஜார் வந்தபோது கேனில் பாதிதான் இருந்தது. பெர்கன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மயங்கி விழுந்தால்தான் நாங்கள் பேசுவோம். இந்த ஊரை நான் எத்தனை தேடியிருக்கிறேன் என்று அந்த நனைந்த பஸ்ஸில்தான் தெரிந்தது.

அண்ணாச்சி ஏழுமலையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கேனைத் தானே வாங்கி, செம்பில் ஊற்றி, முருகன் முன்னால் வைத்துக் கும்பிட்டார். பிறகு பாட்டிலை எடுத்தார். மாலையைக் கழற்றி ஏழுமலையின் கையில் கொடுத்தார். “நீரு பாத்தது நெசம்தாம்வே. முருகன் ஒரு ராத்திரி காவல் காத்திருக்கான், பொய்யாவா போகும்?” என்றார். புதன்கிழமையிலிருந்து ஏழுமலையை நம்பிப் பேசிய முதல் வெளியாள் அவர்தான். ஏழுமலை மாலையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

மதியத்துக்குள் அடையாறு ஆய்வகத்தில் வடிகட்டி முடித்தேன். வடிதாளில் லேசான பழுப்புக் கறை. அதிலிருந்து மரபணுவைப் பிரித்துப் பெருக்கி, மறுநாள் காலை என் கருவியில் ஏற்றினேன். அது போனைவிடச் சின்னது. லேப்டாப்பில் சொருகினால், தண்ணீரில் மிதந்த மரபணு எழுத்துகளை நூல் நூலாகப் படித்து, எந்த உயிர் என்று வரிவரியாகக் கொட்டும். ஆய்வகத்துப் பெண்கள் இரண்டு பேர் என் தோளுக்குப் பின்னால் நின்றார்கள்.

முதலில் மத்தி மீன் வந்தது. பிறகு மனிதன், அது ஏழுமலை, இல்லையென்றால் நான். பிறகு கோழி. “கோழியா?” என்றாள் ஒருத்தி. புதன்கிழமை அவன் கட்டிக்கொண்டு போன பிரியாணி என்று பிறகு தெரிந்தது. கையுறை போட்டவன் அதே கையுறையோடு சாப்பிட்டிருக்கிறான். மத்தி, மத்தி, மனிதன், கோழி. அரை மணி நேரம் இப்படியே போனது.

அப்புறம் ஒரு வரி வந்தது. பிரைட்ஸ் திமிங்கிலம். பின்னாலேயே இன்னொன்று. பிறகு பதினைந்து, இருபது என்று வந்துகொண்டே இருந்தது. நம் கரையோரம் வளைய வரும் சின்ன வகை. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து அந்தப் பெண்களைக் கட்டிக்கொண்டேன். அவர்கள் யாரென்றே எனக்குச் சரியாகத் தெரியாது.

சந்தோஷம் ஆறின பிறகுதான் மற்றது உறைத்தது. உறைத்தது என்பது பொய். எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். சொல்ல வாய் வரவில்லை. இந்தச் சோதனை தாய்வழி வரும் மரபணுவைத்தான் படிக்கும். அது தாயிடமிருந்து பிள்ளைக்கு அப்படியே போகும், ஒரு எழுத்து மாறாமல். தண்ணீரில் ஒரு திமிங்கிலம் இருந்தாலும், தாயும் குட்டியுமாக இரண்டு இருந்தாலும், எல்லா வரியும் ஒரே மாதிரிதான் வரும். தனித்தனியாகப் பிரித்துச் சொல்லும் வேறு சோதனைக்குத் தண்ணீர் நிறைய வேண்டும். அது இப்போது தியாகராய நகரில் மூன்று மாடிப் படிக்கட்டில் காய்ந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் பாலவாக்கம் போனேன். படகு நிழலில் அதே நாலைந்து பேர் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். ஏழுமலை நடுவில் இருந்தான். சுத்தமான சட்டை போட்டிருந்தான். கஸ்தூரி தள்ளி நின்றாள்.

“திமிங்கிலம்தான்” என்றேன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. “சந்தேகமே இல்ல.”

கஸ்தூரி கைதட்டினாள். வலைக்காரர்களில் மூத்தவர், “சரிம்மா, பெர்சு ஓகே. குட்டி?” என்றார்.

நான் உள்ளதைச் சொன்னேன். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே எழுத்து, இதை வைத்து ஒன்றா இரண்டா என்று சொல்ல முடியாது, வேறு சோதனைக்குத் தண்ணீர் இல்லை என்று. சொல்லச் சொல்ல ஏழுமலை முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அப்ப குட்டி டூப்பு” என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் காலத்துக்கும் ஒட்டிக்கொள்கிற சிரிப்பு.

ஏழுமலை சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. “தாயிக்கும் புள்ளைக்கும் ஒரே எயுத்தா?” என்றான்.

“ஆமா.”

“மன்சனுக்கும் அப்டித்தானா? உனக்கும் டீச்சருக்கும்?”

“அப்டியேதான். ஒண்ணுகூட மாறாது.”

“அதான பாத்தேன்.” அவன் மற்றவர்களிடம் திரும்பினான். “செவ்வாக்கெயம இவ ரோட்லேர்ந்து எறங்கி வந்துக்கினு இருந்தா. நான் இங்கதான் குந்திக்கினு இருந்தேன். தலையத் தூக்கிப் பாத்தேனா, மடியில வலையப் போட்டுட்டு டபக்குனு எந்திரிச்சி நின்ட்டேன். ஏன்னே தெரியல. டீச்சர் வராங்கன்னு நெனச்சிட்டேன். கிட்ட வந்தப்பறந்தான் செத்துப் போனவங்க எப்டி வருவாங்கன்னு…” என்று நிறுத்தினான்.

“பாத்தியா, கண்ணு தெரியலன்றது கரெக்டாப் பூட்ச்சி” என்றார் மூத்தவர். இந்தத் தடவை யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை.

எனக்குக் கண் மறைத்தது. அம்மாவின் அடக்கத்துக்கு வராதவள் நான். அந்த மனுஷிக்கு நான் ஒரு மாலைகூடப் போடவில்லை. நான் மண்ணில் நடந்துவருகிறேன், ஒருவன் மடியிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுந்து நிற்கிறான், அம்மாவுக்காக. அம்மா என் முகத்திலேயே இருக்கிறார் என்று யாராவது இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்குச் சொல்லியிருக்கக்கூடாதா என்று இருந்தது.

போனை எடுத்து எங்கள் ஆய்வுப் படிவத்தைத் திறந்தேன். மரபணு முடிவு ஒரு பகுதி. கண்ணால் கண்டது இன்னொரு பகுதி. அதற்கும் மதிப்பு உண்டு, பார்த்தவர் இன்னார் என்று பெயர் போட்டு எழுத வேண்டும். ‘குட்டி உடன் இருந்ததா?’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுதினேன். எழுதினதை வாய்விட்டுப் படித்தேன். வலை பின்னிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

“யார் பேரப் போடற?” என்றார் மூத்தவர்.

“பாத்தவன் பேரத்தான்” என்று சொல்லிக்கொண்டே ‘ஏழுமலை’ என்று தட்டினேன்.

அவன் எழுந்து வந்தான். ஆபரேஷன் ஆன கண்ணை இடுக்கிக்கொண்டு, என் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தான்.

“மு. ஏயுமலைன்னு போடு பிலோ” என்றான். “இன்சியல வுட்டா டீச்சர் அடிப்பாங்க.”